கடவுச்சொல் பெட்டிக்கு எந்தப் பூட்டு?

கூலிம் ஹைடெக் பூங்காவில் தொழிற்பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். இவர் வீட்டுக்கு மூத்த பிள்ளை. நம் வீடுகளில் மூத்த பிள்ளை என்றால் என்ன பொருள் என்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும். அப்பாவின் சேமநிதிக் கணக்கு, அம்மாவின் வங்கிக் கணக்கு, தங்கையின் பள்ளி இணையப் பக்கம், மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வருமான வரி என்று எல்லாவற்றின் கடவுச்சொல்லும் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. அவற்றை அவர் எழுதி வைத்திருப்பது ஒரு 555 புத்தகத்தில். ஒரு காலத்தில் மளிகைக் கடைக் கடனை எழுதி வைத்த அதே சின்னப் புத்தகம்தான்.

அந்தப் புத்தகத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் இயங்கும் ஒரு கடவுச்சொல் பெட்டியைச் செய்து, அதையே இறுதியாண்டுத் திட்டமாகக் கல்லூரியில் காட்டப் போவதாகச் சொன்னார். நான் மென்பொருள் வேலையில் சில காலம் இருந்தவன் என்பதால் என்னிடம் ஒரு கேள்வி.

“அண்ணே, மறையாக்கத்துக்கு ஏ.இ.எஸ். போடவா, டூஃபிஷ் போடவா? இல்லன்னா நானே ஒரு முறையைக் கண்டுபிடிச்சுப் போட்டுடவா? அப்படின்னா யாருக்குமே தெரியாதுல்ல.”

ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ‘எந்த முறை’ என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம்தான் பிடித்தது. மீதி நேரமெல்லாம் அவர் கேட்காத கேள்விகளுக்கே போனது. அவர் போலவே இந்தத் திட்டத்தைக் கையில் எடுக்கும் மாணவர்கள் பலர் இருப்பதால் அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

அரிசியும் மாவும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. கடவுச்சொல்லைச் சேமிப்பது என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஓர் இணையத்தளம் தன் பயனர்களின் கடவுச்சொற்களை வைத்திருப்பது ஒன்று. நம் கடவுச்சொற்களை நாமே ஒரு பெட்டியில் போட்டு வைப்பது இன்னொன்று.

இணையத்தளத்துக்கு நம் கடவுச்சொல் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நாம் இப்போது தட்டியது சரியா என்று மட்டும் தெரிந்தால் போதும். அதனால் அது கடவுச்சொல்லை ‘ஹேஷ்’ செய்து வைக்க வேண்டும். அரிசியை மாவாக அரைப்பது போன்ற வேலை இது. ஒரே அரிசியை ஒரே விதமாக அரைத்தால் ஒரே மாவு வரும். ஆனால் மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் தற்செயலான சில எழுத்துகளைச் சேர்த்து அரைத்தால், ஒரே கடவுச்சொல் வைத்திருக்கும் இருவருக்கும் வெவ்வேறு மாவு கிடைக்கும். அப்படிச் சேர்ப்பதற்கு உப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெட்டியின் வேலை வேறு. அப்பாவின் சேமநிதிக் கடவுச்சொல்லை உள்ளே போட்டால், வேண்டும்போது அதையே திரும்ப எடுக்க வேண்டும். மாவு இங்கே பயன்படாது. எழுத்தைப் புரியாத குவியலாக மாற்றி, சாவி உள்ளவர் மட்டும் மீண்டும் படிக்கும்படி செய்யும் மறையாக்கம்தான் வேண்டும்.

இந்த இரண்டையும் கலந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2013-இல் அடோபி நிறுவனத்தில் நடந்தது நல்ல பாடம். அந்த ஆண்டு அக்டோபரில் அதன் பயனர் விவரங்கள் திருடப்பட்டன. பாதிக்கப்பட்ட செயலிலுள்ள பயனர்கள் 3 கோடியே 80 லட்சம் பேர் என்று நிறுவனம் சொன்னது. வெளியே கசிந்த கோப்பில் சுமார் 15 கோடிப் பதிவுகள் இருந்தன. கடவுச்சொற்கள் ஹேஷ் செய்யப்படவில்லை. டிரிபிள் டி.இ.எஸ். என்ற முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன.

டிரிபிள் டி.இ.எஸ். பழைய முறை. ஆனாலும் அந்தப் பூட்டை உடைத்து யாரும் கடவுச்சொற்களை எடுக்கவில்லை. பிழை அதைப் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. 8 எழுத்துத் துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எல்லோருக்கும் ஒரே சாவியால், ஒரே விதமாக மாற்றியிருந்தார்கள். ஈ.சி.பி. என்று இந்த விதத்துக்குப் பெயர். ஒரு கடைக்காரர் ரகசியமாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு, ‘முனியாண்டி’ என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே கோலத்தைப் போட்டு வைத்தால் எப்படி இருக்கும்? கோலத்துக்குப் பொருள் தெரியாவிட்டாலும், மாதத்தில் பத்து முறை கடன் வாங்கியவர் யார் என்று ஊரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

அங்கேயும் அதுதான் நடந்தது. ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குவியல். போதாக்குறைக்கு, கடவுச்சொல் மறந்தால் நினைவூட்ட அவரவர் எழுதி வைத்த குறிப்புகள் மறையாக்கமே இல்லாமல் பக்கத்தில் கிடந்தன. ஒரே குவியல் உள்ள ஆயிரம் பேருடைய குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் குறுக்கெழுத்துப் போட்டி போல விடை வந்துவிடும். சாவி இல்லாமலேயே ஆய்வாளர்கள் அதிகம் பயன்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலை எழுதிவிட்டார்கள். முதலிடத்தில் இருந்தது 123456. சுமார் 19 லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள்.

சொந்த முறை எதற்கு?

‘நானே கண்டுபிடித்த முறை, யாருக்கும் தெரியாது’ என்பது இளம் வயதில் எல்லோருக்கும் வரும் ஆசை. எனக்கும் வந்தது. எழுத்துகளை மூன்று மூன்று இடம் தள்ளிப் பின்பு தலைகீழாக்கும் ஒரு நிரலை எழுதிவிட்டுப் பெருமையோடு திரிந்திருக்கிறேன்.

இந்த ஆசைக்குப் பதில் 1883-லேயே வந்துவிட்டது. ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் இராணுவ ரகசிய எழுத்துகளைப் பற்றி எழுதும்போது, பூட்டும் முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் தீங்கு வரக்கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்றார். நீங்கள் எழுதிய செயலி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்து முறையைத் தெரிந்துகொள்வது பெரிய வேலையில்லை.

ஏ.இ.எஸ். எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் மீது ஏன் நம்பிக்கை வைக்கிறார்கள் என்பது புரியும். பழைய டி.இ.எஸ். முறைக்கு மாற்று தேடி, அமெரிக்காவின் தரநிர்ணயக் கழகமான நிஸ்ட் 1997-இல் உலகத்துக்கே அழைப்பு விடுத்தது. 15 முறைகள் போட்டிக்கு வந்தன. ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வெளிப்படையாக வைக்கப்பட்டது. ஒருவர் செய்ததை மற்றவர்கள் உடைக்கப் பார்த்தார்கள். 1999-இல் ஐந்து மிஞ்சின: ரைண்டால், செர்பென்ட், டூஃபிஷ், ஆர்.சி.6, மார்ஸ். 2000 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரின் ரைண்டால் தேர்வானது. 2001 நவம்பரில் அது ஏ.இ.எஸ். என்ற பெயரில் தரநிலையாக வெளிவந்தது. கால் நூற்றாண்டாக உலகின் கெட்டிக்காரக் கணித மூளைகள் முட்டிப் பார்த்தும் முழு ஏ.இ.எஸ்.ஸை நடைமுறையில் உடைக்கும் வழி யாருக்கும் கிடைக்கவில்லை. நம் நாட்டில் சைபர்செக்யூரிட்டி மலேசியா, ‘மைசீல்’ என்ற பெயரில் நம்பகமான மறையாக்க முறைகளின் தேசியப் பட்டியலை வைத்திருக்கிறது. ஏ.இ.எஸ். அதிலும் உண்டு.

டூஃபிஷ் தோற்றது என்றால் அது கெட்ட முறை என்று பொருளில்லை. புரூஸ் ஷ்னையர் குழுவினர் செய்தது, அதுவும் உடையவில்லை. அவருடைய ‘பாஸ்வேர்ட் சேஃப்’ என்ற பெட்டியில் இன்றும் அதுதான் இருக்கிறது. ஜெர்மனியின் டொமினிக் ரைக்ல் 2003 முதல் வெளியிட்டுவரும் ‘கீபாஸ்’ ஏ.இ.எஸ்.ஸைப் பயன்படுத்துகிறது. தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவின் ‘வால்ட்’ பெட்டியிலும் 256 பிட் ஏ.இ.எஸ்.தான்.

அப்படியானால் எதை எடுப்பது? இங்கேதான் நம் கூலிம் வருகிறது. கூலிமிலும் பினாங்கிலும் ஆலைகள் வைத்திருக்கும் இன்டெல், 2010 முதல் தன் சில்லுகளுக்குள்ளேயே ஏ.இ.எஸ். கட்டளைகளைச் சேர்த்தது. மென்பொருள் பல படிகளில் செய்யும் வேலையை வன்பொருள் நேரடியாகச் செய்துவிடுகிறது. வேகம் மட்டும் இதில் ஆதாயமில்லை. மென்பொருள் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அளந்தே சாவியைக் கணிக்கும் தாக்குதல் ஒன்று உண்டு; வன்பொருளில் அதற்கு இடம் குறைவு. இன்றைய பெரும்பாலான கைப்பேசிச் சில்லுகளிலும் இதே வசதி இருக்கிறது. அது இல்லாத மலிவான கைப்பேசிகளுக்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008-இல் வெளியிட்ட சாச்சா20 நல்ல தேர்வு. மென்பொருளிலேயே வேகமாக ஓடும்.

ஐந்து நிமிடப் பதில் இவ்வளவுதான்: ஏ.இ.எஸ். 256 எடுங்கள், ஜி.சி.எம். விதத்தில் பயன்படுத்துங்கள். ஜி.சி.எம். மறைப்பதோடு நிற்காது. குவியலில் ஓர் எழுத்தை யாராவது மாற்றினாலும் திறக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் 96 பிட் கொண்ட ஒரு புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரே சாவியோடு அதே எண்ணை இரண்டாம் முறை கொடுத்துவிட்டால் பாதுகாப்பு குலைந்துவிடும். மாணவர் காட்டிய நிரலில் அந்த இடத்தில் பன்னிரண்டு சுழியங்கள் இருந்தன. இணையத்தில் கிடைத்த எடுத்துக்காட்டில் அப்படித்தான் இருந்ததாம்.

சாவி எங்கிருந்து வருகிறது?

256 பிட் சாவி என்றால் 78 இலக்க எண் அளவுக்கு வாய்ப்புகள். எல்லாவற்றையும் முயன்று பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். ஆனால் அந்தச் சாவியை யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. பெட்டியைத் திறக்க நாம் ஒரு முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். அதிலிருந்து செயலி சாவியைக் கணக்கிடுகிறது. திருடன் 78 இலக்கத்தோடு மல்லுக்கட்ட மாட்டான். நம் கடவுச்சொல்லைத்தான் ஊகிப்பான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமையும் கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. கடவுச்சொல்லை ஒரே ஒரு முறை ஹேஷ் செய்து சாவியாக்கினால், நொடிக்கு 100 கோடி ஊகங்களைச் செய்யக்கூடிய வரைகலைச் சில்லு மூன்றரை நிமிடத்தில் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடும். பூட்டு ஏ.இ.எஸ். ஆனாலும் டூஃபிஷ் ஆனாலும் அதே மூன்றரை நிமிடம்தான்.

அதனால் சாவி கணக்கிடும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள். ஹேஷைப் பல ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்வது பழைய வழி. பி.பி.கே.டி.எஃப்.2 அந்த வகை. புதிய வழி ஆர்கான்2. கடவுச்சொல் ஹேஷ் முறைகளுக்காக நடந்த ஒரு போட்டியில் 2015-இல் வென்றது. நேரத்தோடு நினைவகத்தையும், உதாரணத்துக்கு 64 எம்.பி., அது கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு வரைகலைச் சில்லில் ஆயிரக்கணக்கான கணக்கிடும் பகுதிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 64 எம்.பி. கொடுக்க இடம் போதாது. திருடனின் வேகம் அங்கே அடிபடுகிறது. நமக்கு அரை நொடித் தாமதம்தான், பெட்டி திறக்கும்போது பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்கோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அரை நொடி. ஆயிரம் கணினிகளை வைத்து முயன்றாலும் அதே எட்டு எழுத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும்.

2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பெயர்பெற்ற கடவுச்சொல் பெட்டி நிறுவனத்துக்கு நேர்ந்தது இந்த இடத்தைத்தான் தொடுகிறது. வாடிக்கையாளர் பெட்டிகளின் நகல்களைத் திருடர்கள் அப்படியே எடுத்துப் போனதாக அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது. பூட்டு 256 பிட் ஏ.இ.எஸ்.; அது உடையவில்லை. சாவி கணக்கிடும் ஹேஷ் சுற்றுகள் புதிய கணக்குகளுக்கு 1,00,100 என்று இருந்தன. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் பலருடைய கணக்கு 5,000 சுற்றிலேயே விடப்பட்டிருந்தது. சிலருக்கு ஒரே ஒரு சுற்று. புதிதாக வந்தவருக்கு நல்ல கதவு, பல வருடம் கூடவே இருந்தவருக்குப் பழைய கதவு. அத்தோடு, எந்தெந்த இணையத்தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் மறையாக்கம் செய்யப்படவே இல்லை. யாருடைய பெட்டியில் வங்கி இருக்கிறது என்று பார்த்து, அதை முதலில் முயலத் திருடனுக்கு அதுவே போதும்.

திருடர்கள் உள்ளே நுழைந்த வழியும் கவனிக்கத்தக்கது. நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில், வேறு நிறுவனத்தின் படம் பார்க்கும் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, தட்டச்சைப் பதிவுசெய்யும் நிரலை ஏற்றிவிட்டார்கள். அவர் தட்டிய முதன்மைக் கடவுச்சொல் நேராக அவர்கள் கைக்குப் போனது.

மாணவருக்கு இதிலிருந்து இரண்டு வேலைகள் வந்தன. சுற்று எண்ணிக்கையைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்து, பயனர் திறக்கும்போது பழையதாக இருந்தால் தானாகப் புதிய அளவுக்கு மாற்ற வேண்டும். தளங்களின் பெயர், பயனர் பெயர், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பூட்ட வேண்டும்.

அடையாள அட்டை எண் ரகசியமா?

பேச்சு இங்கே வந்தபோது அவர் தன் கைப்பேசியைக் காட்டினார். பயிற்சி உதவித்தொகைச் சீட்டு, பி.டி.எஃப். கோப்பாக மின்னஞ்சலில் வந்திருந்தது. திறக்க அடையாள அட்டை எண்ணைப் போட வேண்டும். நாட்டில் பல நிறுவனங்கள் சம்பளச் சீட்டையும் கணக்கறிக்கைகளையும் இப்படித்தான் அனுப்புகின்றன. அந்தக் கோப்பின் பூட்டும் ஏ.இ.எஸ்.ஸாகவே இருக்கலாம்.

ஆனால் அந்தச் சாவியைப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. முகநூலில் நண்பர்கள் வாழ்த்துச் சொன்ன நாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். கெடாவில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 02. மிச்சம் நான்கு இலக்கம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக முயல வேண்டியவை 5,000 மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் அரை நொடி எடுத்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கும் மேலே, 2017 அக்டோபரில் நம் நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது நினைவிருக்கலாம். அதில் பெயர், முகவரியோடு அடையாள அட்டை எண்களும் இருந்தன. ஆகவே பலருடைய விஷயத்தில் ஊகிக்கவே தேவையில்லை.

“எங்க அப்பாவோட கடவுச்சொல் பாதி இதுதான் அண்ணே,” என்றார் மாணவர். மறுபாதி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும். அதற்கும் கணக்குப் போட்டோம். பத்தாயிரம் பெயர்கள், நூறு ஆண்டுகளின் எல்லாத் தேதிகள்: 36.5 கோடி. மெதுவாக்கிய பிறகும் ஆயிரம் கணினிகளுக்கு இரண்டே நாள் வேலை.

திருக்குறள் ஒன்றைப் போட்டால் என்ன என்று கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் குறள்கள் மொத்தமே 1,330. எந்த நூலிலிருந்து எடுத்தாலும் இதே கதைதான். திருடர்களின் பட்டியல்களில் பாட்டு வரிகளும் வேத வசனங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. சொற்களை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, பகடை தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கையின் தமிழ்ப் பாடநூலிலிருந்து 1,296 எளிய சொற்களை எழுதி எண்ணிடச் சொன்னேன். நான்கு பகடை உருட்டினால் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை அது. ஐந்து முறை உருட்டினால் ஐந்து சொற்கள்: ‘கொய்யா ரயில் பொம்மை சுத்தியல் ஆறு’ என்பது போல. பொருளில்லாத வரிசை, ஆனால் ஒரு படமாக மனத்தில் நிற்கும். வாய்ப்புகள் 36 கோடி கோடிக்கும் மேல். ஆயிரம் கணினிகள் எல்லாவற்றையும் முயன்று முடிக்கச் சுமார் 58,000 ஆண்டு ஆகும்.

பகடையை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. தற்செயல் எண் என்று நாம் நினைப்பது உண்மையிலேயே தற்செயலாக இருப்பதில்லை. பைத்தான் மொழியில் ‘ரேண்டம்’ என்ற பகுதி விளையாட்டு நிரல்களுக்கு ஏற்றது. சாவிக்கும் உப்புக்கும் ‘சீக்ரெட்ஸ்’ என்ற பகுதியைத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் பெரியவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இன்ஃபினியன் நிறுவனத்தை நமக்குத் தெரியும். 2006 முதல் கூலிமில் ஆலை நடத்துகிறது, இங்கே மின்திறன் சில்லுகளைச் செய்கிறது. அதே நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகளுக்காக எழுதப்பட்ட ஒரு நிரலில், சாவிகளை உருவாக்கும் விதத்தில் பிழை இருப்பதை 2017-இல் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். கூலிம் ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆர்.எஸ்.ஏ. என்ற கணித முறையிலும் குறையில்லை. சாவிக்கான பகா எண்களை வேகமாக உருவாக்க எடுத்த குறுக்குவழி, அவற்றில் ஒரு சாயலை விட்டுவிட்டது. எஸ்தோனியாவில் சுமார் ஏழரை லட்சம் தேசிய அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டன. அந்த நவம்பரில் அரசு அவற்றின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அப்பா கேட்ட கேள்வி

இத்தனையும் செய்த பிறகு, செயலியை வீட்டில் காட்டியபோது அப்பா கேட்ட கேள்விதான் திட்டத்தின் கடைசிப் பகுதியை மாற்றியது. “நீ படிப்பு முடிஞ்சி ஜொகூர் பக்கம் வேலைக்குப் போயிட்டா, இத யாரு தொறப்பா?”

எந்தப் பாடநூலிலும் இந்தக் கேள்வி முதல் பக்கத்தில் வருவதில்லை. நன்றாகச் செய்த பெட்டியில், முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் செய்தவராலும் திறக்க முடியாது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற பொத்தானை வைத்தால், அது திருடனுக்கும் ஒரு வாசல். விபத்து, நோய், தொலைந்த கைப்பேசி எல்லாம் ஹேக்கர்களைவிட நம் வீடுகளுக்கு அருகில் இருப்பவை. என் கருத்து பலருக்கு வியப்பாக இருக்கலாம்: ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்பது அலுவலக மேசைக்குச் சரி. கணினித் திரையில் மஞ்சள் தாளை ஒட்டி வைப்பது வேறு. வீட்டு இரும்பு அலமாரியில், பிறப்புச் சான்றிதழ்களும் அம்மாவின் நகையும் இருக்கும் இடத்தில், ஒட்டிய உறைக்குள் இருக்கும் தாள் வேறு. அந்த அலமாரி வரைக்கும் வெளிநாட்டு ஹேக்கர் வரமாட்டான்.

அப்படியே செய்தார்கள். பெட்டிக் கோப்பின் நகல் ஒன்றை அப்பாவின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தார். உறையைப் பிரித்து, சொற்களைப் பார்த்துப் பார்த்து அப்பா தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். திறக்கவில்லை. எழுத்துப் பிழை ஏதுமில்லை. மகனே தட்டிப் பார்த்தும் அப்பாவின் கைப்பேசியில் திறக்க முடியவில்லை.

அன்றிரவு என்னை அழைத்தார். எனக்கும் உடனே புரியவில்லை. இரண்டு கருவிகளிலிருந்தும் அதே சொற்களை அனுப்பச் சொல்லி, எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள எண்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ‘கொய்யா’ என்பதில் வரும் ‘கொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாணவர் பெட்டியை உருவாக்கியது பழைய தட்டச்சு முறை விசைப்பலகை உள்ள மடிக்கணினியில். அது கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பியிருந்தது. அப்பாவின் கைப்பேசி ஒரே குறியீட்டை அனுப்பியது. நம் கண்ணுக்கு ஒரே சொல், ஆர்கான்2-க்கு வேறு வேறு சொல், ஆகவே வேறு வேறு சாவி. ‘பொம்மை’யிலும் இதே சிக்கல். கோ, கௌ வரிசைகளுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்திலேயே கடவுச்சொல் வைப்பவர்கள் எழுதிய எடுத்துக்காட்டு நிரல்களில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

மருந்து எளியது. கடவுச்சொல்லைச் சாவியாக்குவதற்கு முன் யுனிகோடின் என்.எஃப்.சி. என்ற சீராக்கத்துக்கு உட்படுத்தினால், எந்த விசைப்பலகையில் தட்டினாலும் ஒரே வடிவம் வந்துவிடும். பைத்தானில் அது ஒரே வரி. மாணவர் அந்த வரியைச் சேர்த்துப் பெட்டியை மீண்டும் பூட்டினார். அடுத்த ஞாயிறு அப்பா மறுபடியும் உறையைப் பிரித்தார். இந்த முறை சேமநிதிக் கணக்கு திறந்தது. கடைசியாக வட்டி எப்போது போட்டார்கள் என்று அவரே பார்த்துக்கொண்டார். 555 புத்தகத்தை எரித்துவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, “அதுல கடைக் கணக்கும் இருக்குப்பா,” என்று சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். கடவுச்சொற்கள் இருந்த பக்கங்களை மட்டும் அம்மா கிழித்து அடுப்பில் போட்டார்.